கேட் பதிவேட்டின் ஓரம்

ஐப்பசி எட்டு.
காரைக்கால் பாசஞ்சர் போன பிறகு
மண்ணெடுத்த பள்ளத்தில்
இரண்டு இலை.
கரிசலாங்கண்ணி என்று
பதிவேட்டின் ஓரத்தில் பென்சிலால் எழுதினேன்.
தப்பு.

அடுத்த வாரம் அடைமழை.
பள்ளம் நிரம்பிச் செடி மூழ்கியது.
குளிக்கரை ஸ்டேஷனிலிருந்து போன் வரும்,
கேட்டை இறக்குவேன், நம்பர் கொடுப்பேன்,
பைக்குகள் ஹாரன் அடிக்கும்.
நான் தண்ணீருக்குள் பார்ப்பேன்.
ஒன்பதாம் நாள் ஒரு நுனி மட்டும்
தலை துவட்டாமல் வெளியே வந்தது.

கார்த்திகையில் தண்டு சிவந்தது.
கணுவுக்குக் கணு மஞ்சள் முள்.
எண்ணினேன், ஆறு.
பூவே இல்லை, அதற்குள் காவல்.
"நீர்முள்ளிம்மா இது"
சுத்தியலைத் தோள் மாற்றியபடி
கீமேன் பக்கிரிசாமி சொல்லிவிட்டு நடந்தார்.
பழைய பெயரை அடிக்காமல்
பக்கத்திலேயே புதியதை எழுதினேன்.

நிலக்கரி கூட்ஸ் போகும் நாளெல்லாம்
இலைக்கு மை.
விடியற்காலைப் பனி கழுவும்,
பாதி.

மார்கழிக் கடைசியில்
முள்ளுக்கு நடுவே பச்சையாய் ஒரு முடிச்சு.
மாலை ஆறுக்கு
சாவி, கொடி, விளக்கு எல்லாம்
சூசைமாணிக்கத்திடம் ஒப்படைத்த கையோடு
அதையும் காட்டினேன்.
"இதுக்கும் கையெழுத்துப் போடணுமா?" என்று சிரித்தார்.

காலையில் வந்து பார்த்தால்
என் பென்சிலுக்குக் கீழே அவர் பேனா, கோணலாக:
4.50. டார்ச்சில் பார்த்தது.
ஊதா. உதடு பிரிகிறது.

நான் வருவதற்குள் விரிந்து முடிந்திருந்தது.
கீழுதட்டில் மஞ்சள் தீற்றல்,
அதில் இடுப்புவரை நுழைந்த ஒரு வண்டு.
தை முழுக்க இப்படித்தான்.
மொட்டு எனக்கு, மலர்வது அவருக்கு,
வாடுவது மறுபடி எனக்கு.

மாசியில் அறுவடை மிஷின்கள்
கேட்டில் வரிசை கட்டி நின்றன.
பள்ளம் பாளம் பாளமாக வெடித்தது.
செடி நின்றபடியே சாக்கு நிறமாயிற்று.
பங்குனியில் கேங்க் ஆட்கள் வந்து
தண்டவாள ஓரத்தைச் செதுக்கிப் போனார்கள்.
அன்று எனக்கு ஓய்வுநாள்.
சூசைமாணிக்கம் அதை எழுதவில்லை.

டிராயரில் ஒரு காய் வைத்திருந்தேன்.
சித்திரையில் ஒரு மதியம்
டிபன் மூடியில் தண்ணீர் விட்டுப் போட்டேன்.
கொஞ்ச நேரம் சும்மா கிடந்தது.
பிறகு படக்கென்று பிளந்தது.
விதைகளைச் சுற்றி வெள்ளையாய் வழவழப்பு,
தவளை முட்டை மாதிரி.

போன் அடித்தது.
கேட்டை இறக்கிவிட்டு வந்து நம்பர் சொன்னேன்.
குரலில் ஏதோ இருந்திருக்க வேண்டும்.
"என்னம்மா, ஏதும் பிரச்சினையா?"
என்று கேட்டார் ஸ்டேஷன் மாஸ்டர்.