வாளித் தண்ணீர்

மூன்று பேர் வந்து பார்த்தார்கள்.

முதலாமவர் கொழும்புக் கொம்பனி.
ரீசேட்டில் பெயர் தைத்திருந்தது.
சிவப்புப் புள்ளி ஒன்றைச் சுவரில் ஓடவிட்டு அளந்தார்,
போகும்போது சப்பாத்தில் ஒட்டிய சேற்றைக் கழுவினார்.
அவர் அனுப்பிய எஸ்ரிமேற்றைப் பார்த்துவிட்டு
'இது உவர்மலை ரோட்டு முழுக்கவுக்குமோ?' என்றார் இவர்.

இரண்டாமவர் மச்சாள் வழிச் சொந்தம்.
'உங்களிட்டப் போய்க் கணக்குப் பார்ப்பனோ?'
அந்த ஒரு வசனத்துக்குப் பயந்து
தேத்தண்ணியோடு அனுப்பிவிட்டேன்.

ஹில்மி பாஸ் கிண்ணியாவிலிருந்து வந்தவர்.
ஹெல்மட் கழற்றாமலே
கேற்றுக்கும் போர்ட்டிக்கோவுக்கும் ஒருதரம் நடந்தார்.
வெடித்துக் கிளம்பிய கொங்கிரீட்டில் குதிக்காலால் தட்டி
உள்ளே பொள்ளலாகக் கேட்ட இடத்தில்
இன்னொருதரம் தட்டினார்.
'மிஸ், தண்ணி கொஞ்சம் தாங்க.'
செம்பை நீட்டினேன்.
'குடிக்க இல்ல. வாளியில.'

மேல் முனையில் ஊற்றிவிட்டுக் குந்திக்கொண்டார்.
வெடிப்புக்குள் பாதி இறங்கியது,
மிச்சம் என் ஸ்கூட்டி வழமையாய்ச் சறுக்கும் பள்ளத்தில்
வந்து நின்றது, போக்கிடம் இல்லாமல்.
'இடப்பக்கம் ஆரு இரிக்காங்க?'
'சற்குணராசா மாஸ்டர். பென்ஷன்காரர்.'
'ம்' என்றார்.
ரீலோட் காட் ஒன்றின் பின்புறத்தில் விலை எழுதித் தந்தார்.
அரைவாசிக் காசு முற்பணம்.

பதினொரு நாள் ஆளில்லை.
போன் அடித்தால் ஒரு பெண் மூன்று மொழியில் மன்னிப்புக் கேட்டாள்.
மதிலுக்கு மேலால் மாஸ்டர் எட்டிப் பார்த்தார்:
'பாலம் தாண்டின காசு பிள்ளை, திரும்பாது.'
நான் ஒன்றும் சொல்லவில்லை.
சொல்லாமல் விட்டது இன்னும் உறுத்துகிறது,
ஏனென்றால் எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

பன்னிரண்டாம் நாள் சுபஹு பாங்குக்குப் பிறகு
ட்ரக்டர் இரைந்துகொண்டு மேடேறியது.
கல்லுத்தூள், கல், தட்டுகிற மெஷின்,
அதன்மேல் கால் நீட்டிப் படுத்தபடி ஒரு பொடியன்.
பாஸ் எதுவும் விளக்கவில்லை.
அந்தப் பொடியன், தம்பலகாமத்துச் சுதேகன்தான்
அலவாங்கைப் பாறிக்கொண்டே சொன்னான்:
'மகளுக்கு டெங்கு. ஆசுப்பத்திரியில நிண்டவர்.'
நான் வேலை பார்க்கும் அதே ஆசுப்பத்திரி.
அந்தப் பிள்ளையின் இரத்தமும்
என் கைக்கு வந்திருக்கும், ஒரு நம்பராக.

செங்கல் நிறம் கேட்டேன். சாம்பல்தான் வந்தது.
'வெயிலுக்கு எல்லாம் ஒரே நிறம் மிஸ்.'
நாலு நாள் வீடு முழுக்கத் தூசி,
சோற்றில் கூட நறநறத்தது.
கடைசி நாள் பின்னேரம் ஓரக்கட்டு பூசிவிட்டுப் போனார்கள்.
கேற்றைப் பூட்ட மறந்தது நான்தான்.

விடியப் பார்த்தால்
ஈரச் சீமெந்தில் குளம்புகள்.
டவுனில் குப்பை மேய்ந்த மான்கள்
எங்கள் செவ்வரத்தைக்கு மேடேறி வந்திருக்கின்றன.
ஒன்பது தடம். பத்தாவது பாதி.
'மானுக்கு எவ்வளவு கழிப்பீங்க?' என்று கேட்டேன்.
பாஸ் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.
'அது கூலி கேக்காத வேல மிஸ்.
பூசி மூடவா?'
வேண்டாம் என்றேன். மிச்சக் காசை முழுதாகக் கொடுத்தேன்.

கார்த்திகையில் முதல் பெருமழை.
போர்ட்டிக்கோவில் நின்று பார்த்தேன்.
கல்லுக்குக் கல் தொட்டு இறங்கிய தண்ணீர்
பள்ளம் இருந்த இடத்தைத் தெரியாததுபோல் கடந்து
கேற்றடியில் சற்று நிதானித்து
இடப்பக்கம் திரும்பியது.

அந்த 'ம்' அப்போதுதான் விளங்கியது.

இரவு எட்டு மணிக்கு மாஸ்டரின் போன்.
முதலில் மழையைப் பற்றி,
பிறகு கறண்ட் போனதைப் பற்றி,
பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு,
'அந்தக் கிண்ணியாப் பொடியன்ட நம்பர் இருக்கோ பிள்ளை?'

சொன்னேன். திரும்பச் சொல்லச் சொன்னார்.
கடைசி நாலு இலக்கத்தை மூன்றுதரம் சொன்னேன்,
அவருக்குக் கேட்கவில்லை.
அவர் பக்கம்
அவ்வளவு தண்ணீர்ச் சத்தம்.