செட்டில்

பகாவ் நில அலுவலகத்துக்கு எதிரே
நகலெடுக்கும் கடையில் எனக்கு வேலை.
பாரம் நிரப்பித் தர மூன்று வெள்ளி.
கடிதம் படித்துச் சொல்ல
ஆள் முகம் பார்த்து விலை.

சர்குணன் அண்ணன் வந்த அன்று
மெஷின் காகிதத்தைக் கடித்து வைத்திருந்தது.
இருபத்தெட்டு வருசம் செம்பனைக் குலை வெட்டிய தோள்
சட்டைக்குள் ஒருபக்கம் சரிந்திருக்க
தோட்டத்துக் கடிதத்தை நீட்டினார்.
"எல்லாம் விளங்குது தங்கச்சி.
அந்த ஒரு சொல்லுதான்.
செட்டில்மெண்ட்."

விளங்காத சொல்லா அது?
பட்டறையில் பிரேக் மாற்றி முடித்தால் செட்டில்.
நாலு நம்பர்க் கடன், போலீஸ் சம்மன்,
பக்கத்து வீட்டு நாய்த் தகராறு, எல்லாம் செட்டில்.
என் தம்பி ஜொகூரில் செட்டிலாகி ஆறு வருசம்,
இன்னும் வாடகை அறை, இன்னும் பாய்.
போன மாதம் பெட்டியில் ஆணி முடுக்கியபின்
சவ வண்டிக்காரப் பையன்
அண்ணியின் கால்மாட்டில் நின்ற இவரிடம்
அதையே சொன்னான்:
"செட்டில், அண்ணே."
இவரும் தலையாட்டினார்.

இருந்தாலும் அகராதியை எடுத்தேன்.
குடியமர்தல் என்றது முதலில்.
இருவரும் கடிதத்தைப் பார்த்தோம்:
முப்பது நாளில் வீட்டைக் காலி செய்யவும்.
"அடுத்தது பாரு."
அடங்குதல்.
"அதுக்கும் அடுத்தது."
படிதல், வண்டல்போல.
கோப்பி ஓ கிளாஸைத் தூக்கி
அதன் அடியைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.
தீர்த்தல் என்றேன், இதுதான் சரி,
கணக்கைத் தீர்ப்பது.
"வீட்டில அரிசி தீர்ந்தாலும்
அதே சொல்லுதானே."

மெஷின் அப்போது பார்த்துச் சூடாகி
ஒரு வெள்ளைத்தாளைத் துப்பியது.

கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில்
பென்சிலால் சின்னதாய்ப் பெருக்கல்குறி போட்டுக் கொடுத்தேன்.
அதை அழிக்க ரப்பர் கேட்டார்.
"பால் மரம் வெட்டி இருபது வருசமாச்சே,
ரப்பருக்கு எங்கே போவேன்" என்றேன்.
சிரித்தார், மேல்பல் இரண்டு இல்லை.
கட்டைவிரலில் எச்சில் தொட்டு
அவரே தேய்த்தார். குறி போகவில்லை,
காகிதம்தான் மெலிந்தது.
நாலாய் மடித்துப் பையில் வைத்துக்கொண்டு
வெயிலில் இறங்கிப் போனார்.

கடை சாத்தும்போது
பக்கத்துக் கடை ஆ லியோங்கிடம்
இரண்டு கோப்பிக்குக் காசு நீட்டினேன்.
வாங்கவில்லை.
மேசையைத் துடைத்தபடியே
பஸ் நிலையத்துப் பக்கம்
மோவாயைக் காட்டினார்:
"சுடா செட்டில்."