விடு

அதன் பெயர் தவுக்கே.
முந்தைய எஜமான், டயர்க்கடைச் சீனர்,
கோலாலம்பூரில் மகனின் ஒன்பதாவது மாடிக்குக் குடிபோகையில்
சங்கிலி, விசில், அரை மூட்டை அரிசியோடு
இவரிடம் ஒப்படைத்தார்.
என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை.

பத்தாங் பெர்ஜுந்தைக்குப் பெயர் மாற்றி
வருடங்கள் ஆகிவிட்டன.
பஸ்ஸில் இன்னும் பழைய பெயரைச் சொல்லித்தான் இறங்குகிறோம்.
செம்பனைக்குப் பின்னால்
ஈயம் தோண்டியவர்கள் விட்டுப்போன குட்டைகள்,
லாலான் புல், சேறு, கானாங்கோழி.
லைசென்ஸ் புத்தகத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு
ஞாயிறு விடியலில் இவரும் அதுவும் போவார்கள்.

ஒரே ஒரு தடவை நானும் போனேன்.
பிளாஸ்க் தூக்க ஆள் வேண்டுமாம்.

வீட்டில் வாலாலேயே டம்ளரைக் கவிழ்க்கிற ஜந்து
அங்கே புல்லுக்குள் தண்ணீர் மாதிரி இறங்கியது.
காற்றை எதிர்த்து இடம், வலம், இடம்
என்று தையல் ஓட்டிக்கொண்டே போய்
சட்டென்று நின்றது.
முன்னங்கால் ஒன்று பாதியில் மடிந்திருக்க
மூக்கிலிருந்து வால்நுனி வரை ஒரே கோடு.
இமைமேல் கொசு உட்கார்ந்தது, எழுந்து போனது.
அதற்கும் புல்லுக்குள் இருந்த ஏதோ ஒன்றுக்கும் நடுவே
யாரோ கயிறு இழுத்துக் கட்டிய மாதிரி.
நான் தும்மலை விழுங்கினேன்.

பறவை எழுந்தது. வெடி.
எனக்குக் காது அடைத்தது. அது அசையவில்லை.
“போ” என்ற பிறகுதான் குட்டையில் பாய்ந்தது.
கொண்டுவந்த கானாங்கோழியில்
ஒரு பல் பட்ட தடம் இல்லை.
எதிரே உட்கார்ந்து, தலையைத் தூக்கி, காத்திருந்து,
“விடு” என்றதும்
அடகுக்கடையில் தாலிச் சங்கிலி வைப்பதுபோல்
அவர் உள்ளங்கையில் வைத்தது.

இந்த வீரர்தான்
தீபாவளிப் பட்டாசுக்குக் கொட்டாவி விட்டுவிட்டு
குக்கரின் மூன்றாவது விசிலுக்குக் கட்டிலடியில் நடுங்குபவர்.
என் ஃபேக்டரி செருப்பில் மூக்கை வைத்தால்தான்
தூக்கம் வரும் அவருக்கு.
ஒருமுறை சுவர்ப் பல்லியைக் குறிவைத்து
சீரியல் முடியும்வரை ஒற்றைக்கால் மடித்து நின்றார்.
பல்லிக்கு அலுத்துப்போய் டியூப்லைட்டுக்குப் பின்னால் போய்விட்டது.

போன புதன்கிழமை
எதிர்வீட்டு அமிர்தவல்லியின் கருப்புப் பெட்டையைக் காணோம்.
“வேட்டை நாய வீட்ல வெச்சிக்கிட்டா வேற என்ன நடக்கும்?”
என்று தெருவுக்கே கேட்கும்படி என்னைக் கேட்டாள்.
நான் பதில் சொல்லவில்லை.
எனக்கும் சந்தேகம்தான்.

மழை விட்ட நேரம்.
லோங்கான் வழியாகச் சேறு சொட்டச் சொட்ட
தவுக்கே வந்தது. வாயில் கோழி.
கோழியின் கண் திறந்திருந்தது,
அது என்னைப் பார்த்தது.
“விடு” என்றேன்.
விடவில்லை.
“விடுடா, என் ராசா.”
என்னைத் தாண்டி வாசலையே பார்த்தது.

அவரோ கிள்ளான் துறைமுகத்தில்
எண்ணெய் டேங்கர் வரிசையில், பதினேழாவது லோரி.
முக்கால் மணி நேரம்
அமிர்தவல்லி கிராதிக்கு அந்தப் பக்கம்,
நான் இந்தப் பக்கம்,
நடுவில் நாயும் கோழியும்.
எச்சில் வடிந்தது, கழுத்து நடுங்கியது.
தாடை மட்டும் இறுகவும் இல்லை, தளரவும் இல்லை.
“தண்ணியாச்சும் குடு அதுக்கு” என்றாள் அவள்.
எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை.

கடைசியில் அவருக்குப் போன் போட்டு
அதன் காதருகே பிடித்தேன்.
ஹார்ன் சத்தம், யாரோ மலாயில் திட்டுவது,
அப்புறம் அவர் குரல்:
“விடு.”

என் கையில் சூடாய், ஈரமாய், முழுசாய் ஒரு கோழி.
ஒரு தரம் உதறிக்கொண்டு
எதுவும் நடக்காததுபோல் தெருவைக் கடந்தது.
அமிர்தவல்லி ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்
ஒரு கிண்ணம் மீன்குழம்பு கொண்டுவந்தாள்.
யாருக்கென்று அவளும் சொல்லவில்லை.

அன்றிரவு குக்கர் ஓய்ந்தபின்
கட்டிலடியில் குனிந்து, செருப்பைக் கவ்வியிருந்ததிடம்,
தொண்டையைத் தடிப்பாக்கிக்கொண்டு
நானும் சொல்லிப் பார்த்தேன்: “விடு.”

என் வாயைப் பார்த்தது.
வாசலைப் பார்த்தது.
வாலை மட்டும் ஒருமுறை ஆட்டியது.