மரப்பாலம் வரை

மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில்
ஒரு தகரக் கூரையின் கீழே
கடற்கரை விடுதிகளின் ராத்திரிகள்
காலையில் எங்களிடம் வந்து சேரும்,
மூட்டை மூட்டையாக.
மணலும் மதுவும் மருதாணியும் பட்ட விரிப்புகள்.
நான் நிற்பது உருளை மெஷினில்.
ஈரமாய் உள்ளே போகும், அப்பளமாய் வெளியே வரும்.
அது விடும் ஆவி
என் முழங்கை மடிப்பில் வந்து முட்டும்.

மூன்று வருடமாக அங்கேதான் குடியிருக்கிறது
என் கரப்பான்.
மார்கழியில் வாடகை பாக்கிக்காரனைப் போல
இருக்கும் இடம் தெரியாது.
சித்திரை பிறந்ததும்
கழுத்து வேண்டும், காதின் பின்புறம் வேண்டும்,
பாவாடை நாடா இறுக்கும் இடமும் வேண்டும் என்று
ஒவ்வொரு அறையாகக் கேட்கும்.

கருவாட்டை விடு என்றாள் எதிர்வீட்டுக்காரி.
விட்டேன்.
கத்திரிக்காயை விடு என்றாள் மாமியார்.
அதையும் விட்டேன்.
வேலையை விடு என்று மட்டும்
யாரும் சொல்லவில்லை.

ஜிப்மரில் அந்தச் சின்ன வயசு டாக்டரம்மா
சீட்டில் எழுதியபடியே சொன்னாள்:
'வேர்க்காம பாத்துக்கங்க.'
சிரித்துவிட்டேன்.
நிமிர்ந்து என் யூனிபார்மைப் பார்த்தாள்,
நைலான், முழுக்கை, கழுத்துவரை பொத்தான்.
எழுதியதை அடித்துவிட்டு எழுதினாள்:
தேய்க்க வேண்டாம். ஒற்றி எடுக்கவும்.

ஒற்றுகிறேன்.
உள்ளே கணவரின் பழைய பருத்தி பனியன்,
மதியத்துக்கு இன்னொன்று.
சாப்பாட்டுக் கூடையில், தயிர் டப்பாவுக்குப் பக்கத்தில்
ஐஸ் வைத்த ஈரத்துணி.
நகத்தைச் சதையோடு ஒட்ட வெட்டியிருக்கிறேன்.
களிம்பு மட்டும் வீட்டுக்குப் போன பிறகுதான்.
துணியில் எண்ணெய்க் கறை பட்டால்
சம்பளத்தில் பிடிப்பார்கள்.

வெள்ளை விரிப்பு நல்லது,
உதிரும் தோலை யாருக்கும் காட்டாது.
ரத்தத்தை மட்டும் அதற்கு
மறைக்கத் தெரியாது.

போன வெள்ளிக்கிழமை
தலையணை உறை ஒன்று திரும்பி வந்தது.
ஓரத்தில் கடுகளவு சிவப்பு.
சூப்பர்வைசர் தணிகைவேல்
மெஷினை நிறுத்தச் சொன்னார்.
'எல்லாரும் கையக் காட்டுங்க.'

நீட்டினோம்.
ரொசாலியின் மணிக்கட்டில் இஸ்திரி சுட்ட பழைய தழும்பு.
அஞ்சலாட்சிக்கு விரலிடுக்கெல்லாம் சேற்றுப்புண்.
ஒடிசாப் பையன் பிபினுக்கு
பிளீச்சிங் தின்ற நகங்கள், ஆறுதான் மிச்சம்.
என் முழங்கை, சட்டையை ஏற்றியதும்
பழுத்த அத்திப்பழம் வெடித்த மாதிரி.
மெஷின் நின்ற அமைதியில்
கூரைத் தகரம் முறுக்கிக்கொள்ளும் சத்தம் கேட்டது.

வரிசையைக் கடைசி வரை பார்த்தார்.
யாருடையது என்று கேட்கவில்லை.
அவர் இடது கை
கடைசிவரை பேண்ட் பாக்கெட்டிலேயே இருந்தது.
'சரி, ஓட்டுங்க' என்றார்.

மறுநாள் மெஷின் பக்கம்
ஒரு டேபிள் ஃபேன் வந்திருந்தது.
பறப்பது துணிதான், காற்றும் கொதிதான்.
ஆனாலும் திசை என்று ஒன்று இருந்தது.

ஆறு மணி பஸ்ஸில் ஜன்னல் கிடைத்தால்
கையை வெளியே வைத்துக்கொள்வேன்.
அரிப்போடு ஒரு பேரம்:
இந்திரா காந்தி சிலை வரை தொடமாட்டேன்.
சிலை வந்ததும்
நெல்லித்தோப்பு வரை.
பிறகு மரப்பாலம் வரை.
அங்கிருந்து அரியாங்குப்பம் எத்தனை தூரம்,
ஆற்றுப் பாலத்தில் ஏறினால்
உப்புக் காற்று வரும்,
எரியும்,
எரிச்சல் அரிப்பை விட எவ்வளவோ மேல்.

சில நாள் மரப்பாலம் வரை தாங்கும்.
இன்றைக்கு நெல்லித்தோப்பு சிக்னலிலேயே
தோற்றுவிட்டேன்.
பக்கத்து சீட்டுக் குழந்தை
நான் சொறிவதை வாய் திறந்து பார்த்தது.
பிறகு தன் முழங்காலைக் காட்டியது,
கொசுக்கடி,
சொறிந்து சொறிந்து சிவந்தது.