மரை கழன்றது

கொட்பேயில் கேட்டால் சிரிப்பார்கள்:
வள்ள இன்ஜின் பூட்டுகிறவனுக்கு
வாய்க்குள் ஒரு மரை கழன்றுவிட்டது.

இடப்பக்கம், கீழ்க் கடைவாய்.
நண்டுக்கால் கடித்தும் இல்லை,
வெறும் பாணை மெல்லும்போது
ஒரு மயிரிழை அசைந்தது.
நாக்குக்குத்தான் முதலில் தெரியும்,
பிறகு எனக்கு.

உட்துறைமுக வீதி, இரண்டாம் மாடி.
டொக்டர் ஹிமாயா படத்தை வெளிச்சத்தில் பிடித்தார்.
"எலும்பு விடவில்லை. வேர் நல்ல இறுக்கம்.
மேற்பல்லு வந்து சேர்கிற இடம்தான்."
எனக்கு விளங்கும் என்றேன்.
இரும்பு முறிந்து நான் கண்டது குறைவு,
பூட்டு விட்டுத்தான் எல்லாம் போகும்.

கழற்றினார். அரிசிமணி அளவு ஆணி.
பூதக்கண்ணாடிக்குக் கீழே
அறுகோணத்தின் மூலைகள்
கரைந்த சவர்க்காரம் மாதிரி வழுவழுத்திருந்தன.
பஞ்சில் கொஞ்சம் கறுப்பு:
டைட்டானியம் தன்னைத்தானே அரைத்த மா.

"இரவில பல்லு நெருமுவீங்களா?"
இல்லை என்றேன்.
கதவடியில் இருந்த பிலோமினா
பேப்பரிலிருந்து தலை எடுக்காமல்
"நங்கூரச் சங்கிலி இழுக்கிற சத்தம்" என்றாள்,
"ரெண்டு மணிக்குப் பிறகு."
பதினேழு வருசம். ஒருநாளும் எழுப்பவில்லை.
ஏனென்று நானும் கேட்கவில்லை.

பழையதையே இன்னும் இறுக்கினால் என்ன?
"அறுந்து உள்ளே நின்றுவிடும்.
ஆணியும் ஒரு சுருள்வில்லுத்தான்.
இழுபட்டு நிற்கிறவரைக்கும்தான் பிடிக்கும்."

புது ஆணி. விரலளவு முறுக்குக்கோல்.
முப்பத்தைந்தில் அது தானே மடிந்து 'டிக்' என்றது.
பிறகு கையுறை கழற்றாமல்
சுவர் மணிக்கூட்டைப் பார்த்தபடி நின்றார்.
பத்து நிமிடம்.
கண்ணுக்குத் தெரியாத மேடுகள்
நசுங்கிப் படியவேண்டுமாம்.
நான் வாயைத் திறந்தபடி. யன்னலுக்கு வெளியே
கோதுமைக் கப்பல் ஒன்று
நங்கூரத்தில் மெல்ல மூக்கைத் திருப்பிக்கொண்டிருந்தது.
மறுபடி முறுக்கினார்.
வந்தது, கொஞ்சம்.

அடுத்த நாள் றிஸ்மியின் வள்ளத்துக்கு
விசிறி பூட்டி இறுக்கிவிட்டு
ஸ்பானரைக் கீழே வைக்காமல் இருந்தேன்.
"முடிஞ்சுதானே, என்ன பாத்துக்கொண்டு நிக்கிறீங்க?"
இன்னும் படியவில்லை என்றேன்.
ஆளுக்கு மரை கழன்றுவிட்டது என்பதுபோல
கடலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான்.
வெயில் ஏறியது. மீன்காரர் இருவர் போனார்கள்.

ஸ்பானரை வைத்து இழுத்தேன்.
அரைக்கால் சுற்று இன்னும் வந்தது.

அவனிடம் சொல்லவில்லை.