பத்து டிகிரி

மூன்று ரிமோட்டுகளின் மூக்கைக் கழற்றினேன்.
ஒன்று எங்கள் வீட்டு டிவியுடையது.
இரண்டு, ரவுண்டானா பக்கம் நயாஸ் கடையில்
குப்பைக் கூடையில் கிடந்தவை.
"சும்மா எடுத்துக்கோக்கா" என்றவன்
ரெசிஸ்டருக்கு மட்டும் இரண்டு ரூபாய் வாங்கிக்கொண்டான்.

தொப்பி சுங்கச்சாவடியில் கொடுத்தது.
நெற்றி நுனியில் ஒன்று, காதோரம் இரண்டு,
பின்னால் வால் மாதிரி ஒரு சார்ஜர் ஒயர்.
எரிகிறதா என்று கண்ணுக்குத் தெரியாது.
போன் கேமராவில் பார்த்தால்
மூன்று கத்திரிப்பூ.

மூடிப்போன பிரவுசிங் சென்டரின் வெப்கேம், ஐம்பது ரூபாய்.
பிளேடால் நெம்பி அதன் உள்கண்ணாடியைப் பிடுங்கினேன்.
அந்த இடத்தில் வைக்கக் கறுப்பு பிலிம் வேண்டும்.
ஆல்பத்தோடு ஸ்டுடியோக்காரர் கொடுத்த
நெகட்டிவ் சுருளின் நுனி,
படமே விழாத பகுதி.
என் கல்யாணத்தில் உருப்படியாக மிஞ்சியது அதுதான்.

இப்போது கேமராவுக்கு
டியூப்லைட் கிடையாது, சுவர் கிடையாது, பல்லி கிடையாது.
இருட்டில் மூன்று புள்ளிகள், அவ்வளவே.
எட்டு மணி நேரம் என் தலைக்கு மேலே
முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் சாவடிக் கேமராவைப்போல
இதற்கு நான் யாரென்று தெரிய வேண்டியதில்லை.

கணக்கு இப்படி:
நான் பத்து டிகிரி திரும்பினால்
விமானத்துக்குள் தொண்ணூறு.
கண் திரையை விட்டு நகராமலே
இறக்கையின் நுனி வரை பார்க்கலாம்.
முதல் நாள் தும்மினேன்,
ஆகாயம் குப்புற விழுந்தது.

ஓசூரில் ஏறித் தெற்கே பறந்தேன்.
வலப்பக்கம் அணை, யாரோ சிந்திய நீல மை.
மலை இருக்கிறது, மேலே கோட்டை இல்லை.
நாற்பத்து நாலாம் நம்பர் சாலை நீண்டு கிடக்கிறது,
நடுவில் என் சாவடி இல்லை.
காசு கேட்க ஆளில்லாத சாலை.
இரண்டு முறை வட்டமடித்துப் பார்த்தேன்.

ஏழரை மணிக்கு ஜன்னலில் வெயில் வந்தது.
கேமரா அதையும் என் விளக்கென்று எண்ணிக்கொள்ள,
தலையசைக்காமலே சுழன்றது காக்பிட்.
மாங்கூழ் கம்பெனிச் சாக்கு ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டேன்.
நைட் ஷிப்டுக்காரிக்குச் சூரியனோடு
எப்போதும் ஏதாவது ஒரு தகராறு.

நேற்று ஆறாவது லேன்.
டேக் வேலை செய்யாத நாமக்கல் லாரி.
சில்லறையை எண்ணிக்கொண்டே
லேசாக வலப்பக்கம் சாய்ந்தேன்.
எதுவும் நகரவில்லை.
ஏழாவது லேனில் கோவிந்தம்மா
டீ கிளாஸோடு உட்கார்ந்திருந்தாள்.

"கழுத்து சுளுக்காம்மா?" என்றார் டிரைவர்.
"இல்லண்ணே" என்றேன்,
"சென்டர் பண்ண மறந்துட்டேன்."

அவர் ரசீதை வாங்கி
சட்டைப்பையில் வைத்தார்.
தடுப்புக்கட்டை
தொண்ணூறு டிகிரி எழுந்தது.