பத்தடி தள்ளி

ஜுபைல் பைப் யார்டில்
மத்தியானச் சோற்றுக்கு நிழல் ஒன்றுதான்:
எண்ணெய்க் கிணற்றிலிருந்து உருவிப் போட்ட
பழைய குழாய் அடுக்கு.

கொளஞ்சி நூற்றெண்பது ரியாலுக்கு
கதிர்வீச்சு மீட்டர் வாங்கி வந்தான்.
சோப்புப்பெட்டி அளவு, மஞ்சள் நிறம்.
"இந்தக் காசுக்கு ஊருக்கு
மூணு மாசம் பேசலாமே" என்றான் ஷஹீன்.

முதல் நாள் எல்லாவற்றையும் அளந்தோம்.
கேம்ப் கட்டில், பருப்பு,
போர்மேன் ரோமெலின் தொப்பை.
டிக். வெகுநேரம் கழித்து இன்னொரு டிக்.

மறுநாள் சாப்பிடும்போது
குழாயின் வாய்க்குள் நீட்டினான்.
உள்ளே வெள்ளையாய்ப் படிந்த காறை.
காய்ந்த எண்ணெயில் கடுகு விழுந்தாற்போல்
பொரியத் தொடங்கியது மீட்டர்.

வாயிலிருந்ததை யாரும் மெல்லவில்லை.

ரோமெல் வந்தார்.
சர்டிபிகேட் இல்லாத சாமான்,
இதன் பேச்சு ஃபைலில் ஏறாது என்றார்.
சரிதான்.
நாலு வருசமாய் அந்தக் குழாயில்தான்
தலை சாய்த்துக் கண்ணயர்ந்தேன்.
அதுவும் எந்த ஃபைலிலும் இல்லை.

டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு
பத்தடி தள்ளி
வெயிலில் போய் உட்கார்ந்தோம்.

வியாழக்கிழமை ரோமெல்
ஒரு குடையோடு வந்தார்,
ஒன்றும் பேசாமல் எங்கள் பக்கம் உட்கார்ந்தார்.
குடையில் மூன்று பேருக்குத்தான் இடம்.
நாங்கள் ஏழு பேர்.